யானைப் பாகனின் மகன்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிலே பொறிப்பித்த சாசனம் அது. ஊராத்துறைக்கு வருகின்ற பரதேசிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் என்றும், வேறு வணிகச் சரக்கு ஏற்றிய கலமானால் பாதிக்குப் பாதி என்றும் அந்தச் சாசனம் விதிக்கிறது. சரக்குக்கு ஒரு கணக்கு, யானைக்கும் குதிரைக்கும் வேறொரு கணக்கு. அந்த நாளில் யானையின் பெறுமதி அத்தகையது.

பின்னாளில் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர். வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து நடந்து வந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியக் கரைக்குப் போயின. காயிற்ஸ் என்று ஆங்கிலத்தில் நாம் எழுதும் பெயரே துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபுதான். ஒல்லாந்தர் நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த குதிரைகள் இன்றும் அந்த வெளியிலே மேய்கின்றன.

யானையின் கணக்கு கல்லிலே இருக்கிறது. அந்த யானையின் காதோரம் அமர்ந்து, அதனோடு பேசி, அதனைக் கலத்தில் ஏற்றி இறக்கிய பாகனைப் பற்றிக் கல்வெட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. வரலாறு எப்போதும் விலையுள்ளதை எழுதி வைக்கிறது. அதை நடத்தி வந்தவனை எழுத மறந்துவிடுகிறது. இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட ஒரு பாகனின் மகனைப் பற்றி. அவனை உலகம் மறக்கவில்லை. ஆனால் அவன் யானையை விட்டு இறங்குவதற்கு உலகம் சம்மதிக்கவும் இல்லை. அவன் பெயர் சாபு.

1924ஆம் ஆண்டு தை மாதம், மைசூர் அரசின் யானைக்காடுகளை அடுத்த காரப்பூர் என்ற ஊரிலே சாபு பிறந்தான். தந்தை மைசூர் மகாராசாவின் யானைப் பாகர்களில் ஒருவர். தாய் இளவயதிலேயே இறந்தார். சில ஆண்டுகளில் தந்தையும் இறக்க, அரண்மனையின் யானைக் கொட்டிலே பிள்ளைக்கு வீடாயிற்று.

1935இல் றொபேட் பிளாகெற்றி என்ற அமெரிக்கர் மைசூருக்கு வந்தார். வடதுருவத்து எஸ்கிமோ மக்களின் வாழ்க்கையை 1922இல் 'நானூக்' என்ற படமாக எடுத்துப் புகழ் பெற்றவர் இவர். லண்டனிலே படத்தொழில் நடத்திய அலெக்சாண்டர் கோர்டாவுக்காக, இறட்யாட் கிப்ளிங்கின் 'தூமாய்' கதையைப் படமாக்குவது அவருடைய நோக்கம். யானைகள் காட்டுக்குள்ளே இரகசியமாகக் கூடி ஆடும் நடனத்தைக் கண்ட சிறுவனின் கதை அது. பல சிறுவர்களைப் பார்த்த படக்குழுவினர், யானைக் கொட்டிலிலே நின்ற சாபுவைக் கண்டதும் தேடலை நிறுத்தினர். ஐராவதம் என்ற மிகப் பெரிய அரண்மனை யானை, கதையில் வரும் காலநாகமாக நடித்தது. அந்த மலைபோன்ற உருவத்தின் மேல் ஒரு பதினொரு வயதுப் பெடியன் சிரித்துக்கொண்டு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபோது, அதற்கு நடிப்பு என்று பெயர் வைக்க யாருக்கும் மனம் வந்திராது.

படத்தின் மீதிப் பகுதியை எடுப்பதற்காகச் சாபுவை இங்கிலாந்துக்குக் கூட்டிச் சென்றார்கள். தமையனும் உடன் சென்றார். 1937இல் 'யானைப் பையன்' வெளிவந்தது. வெனிஸ் படவிழாவில் பிளாகெற்றிக்கும், உடனிருந்து இயக்கிய சோல்டன் கோர்டாவுக்கும் சிறந்த இயக்கத்துக்கான பரிசு கிடைத்தது. ஆனால் பார்த்தவர்கள் பேசியது சாபுவைப் பற்றித்தான்.

இங்கேதான் கதையின் முதல் முடிச்சு விழுகிறது. 1938இல் கோர்டா நிறுவனம் சாபுவை வைத்து 'முரசு' என்ற வண்ணப்படத்தை எடுத்தது. வடமேற்கு எல்லைப்புறத்திலே ஒரு சிற்றரசின் இளவரசன், வெள்ளைக்காரப் படைக்கு உதவி செய்து தன் சொந்தச் சிற்றப்பனின் கிளர்ச்சியை முறியடிக்கிறான். இளவரசன் சாபு. கிளர்ச்சி செய்யும் சிற்றப்பன் வேடத்திலோ முகத்துக்கு மை பூசிய ஒரு வெள்ளை நடிகர். இந்தியாவிலே சுதந்திரப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். பம்பாயில் படம் திரையிடப்பட்டபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களின் கோபம் நியாயமானது. பதினாலு வயதுப் பிள்ளை அந்தக் கதையை எழுதவில்லை என்பதும் நியாயமானதே. தன் முகத்தைக் கொடுப்பவன் ஒருவன். அந்த முகத்தின் வாயிலே சொல்லை வைப்பவன் இன்னொருவன். இந்தப் பிரிவினையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்து வந்தது 'பாக்தாத் திருடன்'. எம்.ஜி.ஆரும் வைஜயந்திமாலாவும் நடித்து 1960இல் வந்த தமிழ்ப்படம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். நான் சொல்வது 1940இல் வந்த ஆங்கிலப் படம். லண்டனிலே தொடங்கி, மகாயுத்தம் மூண்டதால் அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு முடிக்கப்பட்டது. மூன்று ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. அதிலே சாபு அபு என்ற குட்டித் திருடன். குப்பியிலிருந்து புகையாகக் கிளம்பி வானளாவ நின்று சிரிக்கும் பூதமாக வந்தவர் றெக்ஸ் இங்கிரம் என்ற ஆபிரிக்க அமெரிக்க நடிகர். மைசூர்ப் பாகனின் மகனும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழியில் வந்த ஒருவரும் ஒரு கற்பனைப் பாக்தாத்திலே சந்திக்கிறார்கள். ஒருவர் பூதம், மற்றவர் திருடன். காதலும் அரியணையும் வேறொருவருக்கு.

இதே கதை அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1924இல், பேசாப் படமாக வந்திருந்தது. அந்தப் படத்தில் இளவரசியை மணக்க வரும் இந்திய இளவரசன் ஒருவன் உண்டு. அவ்வேடத்தில் நடித்தவர் இந்தியர் அல்லர். நோபிள் ஜோன்சன் என்ற ஆபிரிக்க அமெரிக்கர். சாபுவின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த மனிதரையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நோபிள் ஜோன்சன் 1881இல் மிசூரி மாநிலத்திலே பிறந்து, கொலராடோவில் வளர்ந்தவர். உயரமான, கட்டுமஸ்தான தேகம். குதிரையேற்றத்தில் வல்லவர். பேசாப் படக் காலத்திலே திரைக்கு வந்து, 1950 வரை நடித்தார். அவர் போட்ட வேடங்களைக் கேளுங்கள்: இறொபின்சன் குரூசோவின் வேலையாள் வெள்ளி, 'மோபி டிக்' கதையில் வரும் தீவுவாசியான ஈட்டிக்காரன், 1932இல் வந்த 'மம்மி' படத்தில் நூபிய அடிமை, 1933இல் வந்த 'கிங் கொங்' படத்தில் மண்டையோட்டுத் தீவின் தலைவன், 1949இல் ஒரு செவ்விந்தியத் தலைவன். எல்லாவற்றுக்கும் மேலாக, 1932இல் ஒரு படத்தில் முகத்துக்கு வெள்ளை பூசி உருசியக் கொசாக்கு வீரனாகவும் நடித்திருக்கிறார். வெள்ளையர்கள் கறுப்பு மை பூசி நடித்த ஹொலிவூட்டில், ஒரு கறுப்பர் வெள்ளை மை பூசி நடித்தார் என்பது அபூர்வமான செய்தி.

இப்படிப்பட்டவரைக் குணசித்திர நடிகர் என்கிறோம். குணத்தைச் சித்திரமாகத் தீட்டுபவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். அழகான தமிழ்ச்சொல். ஆனால் நோபிள் ஜோன்சனுக்குக் கிடைத்த பாத்திரங்களிலே குணம் எங்கே இருந்தது? பெரும்பாலானவற்றுக்கு ஒழுங்கான பெயரே இல்லை. நூபியன், தலைவன், சீக்கியன் என்று சாதியையும் தொழிலையுமே பெயராக இட்டார்கள். நடிப்பவனின் தேகம் தேவைப்பட்டது, மனம் தேவைப்படவில்லை.

அவர் இதை அறியாதவரல்லர். 1915இல் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படம் கறுப்பின மக்களை மிருகங்களாகக் காட்டிப் பெரும் பணம் குவித்தது. அடுத்த ஆண்டே, 1916இல், நோபிள் ஜோன்சனும் அவருடைய சகோதரர் ஜோர்ஜும் வேறு சிலருமாகச் சேர்ந்து லிங்கன் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே படம் எடுப்பதற்கென்று எழுந்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. முதற் படத்தின் நாயகன், கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்று, எண்ணெய் வளம் தேடி மேற்கே செல்லும் ஒரு கறுப்பினப் பொறியியலாளன். இன்றைக்கு இது சாதாரணம். 1916இல் அமெரிக்கத் திரையிலே ஒரு கறுப்பர் கையிலே வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிய காரியம். நோபிள் ஜோன்சனே அந்த நாயகன்.

லிங்கன் நிறுவனத்துக்குப் பணபலம் இல்லை. நோபிள் ஜோன்சன் யூனிவர்சல் நிறுவனத்தின் தொடர்ப்படங்களில் நடித்துச் சம்பாதித்தே காலம் தள்ளினார். அவருடைய முகம் இரண்டு இடத்திலும் வருவதைப் பெரிய நிறுவனம் விரும்பவில்லை. 1918இல் அவர் தாம் உருவாக்கிய நிறுவனத்தை விட்டு விலகினார். மற்றவர்கள் சில ஆண்டுகள் இழுத்துப் பிடித்துப் பார்த்தார்கள். 1921இல் வந்த படமே கடைசி. அந்த நிறுவனத்தின் படங்களில் இன்று எஞ்சியிருப்பது அந்தக் கடைசிப் படத்தின் சில நிமிடத் துண்டு மாத்திரமே. அவர் அடிமையாகவும் தீவுத் தலைவனாகவும் நடித்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவர் மனிதனாக நடித்த படம் இல்லை.

நேயர்களே, 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். சோல்டன் கோர்டா கிப்ளிங்கின் 'காட்டுப் புத்தக'த்தை அமெரிக்காவிலே படமாக்கினார். ஓநாய் வளர்த்த மௌக்ளியாகச் சாபு. மௌக்ளியின் தாயாகவும் ஊர் வேட்டைக்காரனாகவும் இந்திய உடை அணிந்த வெள்ளை நடிகர்கள். அந்தக் கூட்டத்திலே ஒரு சீக்கியர் வருகிறார். தலைப்பாகையைத் தாண்டி முகத்தைப் பார்த்தால், அது அறுபது வயதைக் கடந்த நோபிள் ஜோன்சன். இந்தியாவைப் பற்றிய அந்தப் படத்தின் முன்வரிசையிலே உண்மையான இந்தியர் ஒருவர். அவர் ஓநாய்களால் வளர்க்கப்பட்டவர். ஊருக்குள்ளே வாழும் இந்தியர்களாக வருபவர்களோ பிறர். எவ்வளவு பெரிய முரண்!

சாபு அமெரிக்காவிலே தங்கிவிட்டார். யூனிவர்சல் நிறுவனம் 'அராபிய இரவுகள்' முதலான வண்ணப்படங்களை எடுத்தது. கலீபா ஹாறுன் அல் றசீதாக நடித்தவர் ஜோன் ஹோல் என்ற அமெரிக்கர். சாபு அவருக்கு உதவும் தோழன். நாயகன் கீழைத்தேசத்தவனாக இருந்தாலும், நாயகனாக நடிப்பவர் வெள்ளையராக இருக்க வேண்டும் என்பதே அந்தக் காலத்து எழுதாத சட்டம். 1947இல் 'கறுப்பு நார்சிசஸ்' என்ற சிறந்த படத்திலே நகை அணிந்து, வாசனைத் தைலம் பூசி வரும் இளம் இராசகுமாரனாக நல்ல நடிப்பைக் காட்டினார். அதே ஆண்டில் வந்த இன்னொரு படத்திலே அவர் தென்னமெரிக்க அமேசன் காட்டுவாசி. நோபிள் ஜோன்சனுக்கு நேர்ந்தது சாபுவுக்கும் நேர்ந்தது. தோல் பழுப்பாக இருந்தால் எந்தக் காடும் சரி என்று எண்ணினார்கள்.

யுத்தகாலத்திலே அவர் செய்த காரியம் பலருக்குத் தெரியாது. இந்தியர் வெள்ளையர் அல்லர். ஆகவே குடியுரிமைக்கு உரியவர் அல்லர் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தடையை நீக்கும் சட்டம் 1946இல்தான் வந்தது. சாபு அதற்கு முன்னரே, 1944இல், அமெரிக்கக் குடிமகனாகி விமானப்படையிலே பணியாற்றினார். பசுபிக் போர்க்களத்தில் பி-24 குண்டுவீச்சு விமானத்திலே துப்பாக்கி வீரராகப் பல தடவைகள் பறந்து, சிறப்புப் பறப்புச் சிலுவை விருதையும் பெற்றார். திரையிலே அவருக்குக் கிடைக்காத வீரன் வேடம் ஆகாயத்திலே கிடைத்தது. திரும்பி வந்தபோது ஹொலிவூட் அவருக்காக வைத்திருந்தது மறுபடியும் கோவணமும் தலைப்பாகையுமே. 1950களில் ஐரோப்பாவிலே சர்க்கஸ் கூடாரத்தில் யானைகளோடு தோன்றினார். பாகனின் மகன் யானையிடமே திரும்பிவந்தான்.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு வாசல் திறப்பதுபோல இருந்தது. 1957இல் வெளிவந்த 'மதர் இந்தியா' படத்திலே பிர்ஜு என்ற இளைய மகனின் பாத்திரத்துக்கு இயக்குநர் மெஹ்பூப் கான் முதலில் நினைத்தது சாபுவைத்தான். காரியம் கைகூடவில்லை. சுனில் தத் நடித்தார், புகழ் பெற்றார். அநீதிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கும் ஒரு இந்தியக் கிராமத்து இளைஞன். அதிலே சாபு நடித்திருந்தால் வெள்ளைக்காரப் படைக்கு முரசறைந்த அந்தப் பழைய படத்துக்கு அதுவே பதிலாக இருந்திருக்கும். உலகம் முழுவதும் அறிந்த அந்த இந்திய நடிகர், இந்திய மொழிப்படம் ஒன்றில் நடிக்காமலே 1963ஆம் ஆண்டு மார்கழி 2ஆம் திகதி மாரடைப்பினால் காலமானார். வயது 39. அடுத்த ஆண்டு வெளிவந்த கடைசிப் படத்திலும் அவர் மிருகம் பழக்குபவரே. நோபிள் ஜோன்சன் 1978 வரை வாழ்ந்து 96ஆவது வயதிலே மறைந்தார்.

இத்தகைய வேடங்களை ஏன் ஏற்றார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 'காற்றோடு போயிற்று' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டானியல், 1940இல் ஒஸ்கார் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர். அந்த விருது விழாவிலேயே அவரை ஒரு ஓரத்து மேசையிலே தனியாக இருத்தினார்கள். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காகக் கிடைத்த வேடத்தை ஏற்றவரைக் குறை சொல்வது எளிது. வேடத்தைப் பங்கிட்டுக் கொடுத்த கையைப் பார்ப்பதுதான் வரலாற்று மாணவனின் வேலை. இன்னொன்றும் உண்டு. ஒன்றுமில்லாத பாத்திரத்திலும் இவர்கள் எதையோ வைத்துவிட்டுப் போனார்கள். பூதமாக வரும் றெக்ஸ் இங்கிரம் விடுதலை அடைந்ததும் சிரிக்கும் சிரிப்பை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். அது எழுதியவன் கொடுத்த சிரிப்பல்ல.

ஹொலிவூட்டை நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. யாழ்ப்பாணத்திலே பிறந்து தமிழகம் சென்று நடித்த கே. தவமணிதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் வந்த 'வனமோகினி'யிலே யானையோடு வரும் காட்டுப்பெண். 1947இல் வந்த 'ராஜகுமாரி'யிலே ஆண்களை மயக்கும் அரசி. துணிச்சலான உடைக்கும் அந்நிய அழகுக்கும் அவரைத் தேடினார்கள். அவருக்கு அங்கே வழங்கிய பட்டம் 'சிங்களத்துக் குயில்'. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டம்! கடலுக்கு இக்கரையிலிருந்து போனவர் அக்கரையிலே அந்நியராகிவிட்டார்.

இதைவிடக் கசப்பான கதை பி.கே. றோசியினுடையது. மலையாளத்தின் முதற் பேசாப் படமான 'விகதகுமாரன்' திருவனந்தபுரத்திலே திரையிடப்பட்டபோது, ஒரு தாழ்த்தப்பட்ட பெண் நாயர் குலப் பெண்ணாக நடிப்பதா என்று கூட்டம் கொதித்தெழுந்தது. அவர் ஊரை விட்டே ஓடவேண்டியதாயிற்று. பின்னர் நாகர்கோவில்ப் பக்கத்திலே, தாம் ஒரு நடிகை என்பதைப் பிறர் அறியாமல் வாழ்ந்து முடிந்தார். நோபிள் ஜோன்சன் வெள்ளை மை பூசியதை ஹொலிவூட் பொறுத்துக்கொண்டது. றோசி நகை அணிந்ததை நம்மவர்கள் பொறுக்கவில்லை.

நம்முடைய கூத்து மேடைக்கும் வாருங்கள். நடிகமணி வி.வி. வைரமுத்து அவர்களின் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்த்து அழாதவர் யாழ்ப்பாணத்திலே குறைவு. சுடலை காக்கும் கோலத்திலே நிற்பவன் அரசன் என்பது நமக்குத் தெரியும், அதனால் அழுகிறோம். விடிந்து வீடு திரும்பும் வழியிலே உண்மையாகவே சுடலை காப்பவன் ஒருவன் எதிரே வந்தால், அவனுக்காக ஒரு துளி கண்ணீர் விட்டோமா? அவனை முற்றத்துக்கு மேலே ஏற்றினோமா? பரம்பரை பரம்பரையாகப் பறை அடிப்பவன் பறைதான் அடிக்கவேண்டும், மரம் ஏறுபவன் மரம்தான் ஏறவேண்டும் என்று வேடம் பங்கிட்டதும் ஒரு மேடைதான். கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல் அந்த மேடையின் திரையை விலக்கிக் காட்டியது. வடமொழியில் பாத்திரம் என்றால் ஏனமும்தான், கதையில் வரும் ஆளும்தான். தேநீர்க்கடையிலே ஒரு சாராருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றிக் கொடுத்த சமூகத்துக்கு, பாத்திரத்தைப் பிரித்து வைப்பது என்றால் என்னவென்று ஹொலிவூட் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, இந்த இரண்டு நடிகர்களின் கதை நமக்கு இரண்டு வேலைகளைத் தருகிறது என்று நினைக்கிறேன். ஒன்று, பழைய படம் பார்க்கும்போது நாயகனின் தோளுக்குப் பின்னாலே நிற்பவனையும் பார்ப்பது. ஈட்டி பிடித்து நிற்பவன், கதவு திறப்பவன், யானையை நடத்துபவன்: அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு ஊர் உண்டு, அவன் நடிக்க ஆசைப்பட்ட வேறு ஒரு கதையும் உண்டு.

இரண்டாவது வேலை நமது தீவகத்திலேயே இருக்கிறது. வேலணையிலும் புங்குடுதீவிலும் கரம்பனிலும் நெடுந்தீவிலும் கூத்தாடிய அண்ணாவிமார்களின் கொப்பிகள் எத்தனை 1990, 1991 இடப்பெயர்வுகளோடு போயின? அவர்களிலே அரச வேடம் கட்டியவர்களின் பெயரை ஊர் ஓரளவு சொல்லும். சேவகனாகவும் பபூனாகவும் பறையறைவோனாகவும் ஆடியவர்களின் பெயரை எண்பது வயதைக் கடந்த ஒரு சிலரே இன்று சொல்லக்கூடும். அவர்களிடம் போய் ஒரு அப்பியாசக் கொப்பியிலே எழுதி வாருங்கள் என்று என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வருகிறேன். பெரியவர்களாகிய உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். லிங்கன் நிறுவனத்தின் படங்களிலே சில நிமிடத் துண்டாவது எஞ்சியது. நமக்கு அந்தத் துண்டும் எஞ்சுமா என்பது இந்த ஆண்டு நாம் யார் வீட்டுப் படலையைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.